டிலே லைன்களால் ரிவர்ப் கட்டுவது: எட்டு லைன் வடிவமைப்பு, முதலிலிருந்து முடிவு வரை

சொந்தமாக ரிவர்ப் (அறையின் முழக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கும் நிரல்) எழுதிப் பார்ப்பவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் தகர டப்பாவுக்குள் தட்டுவது போன்ற ஒலிதான். பிறகு கெயினை (ஒலியைப் பெருக்கும் எண்ணை) கூட்டிக் குறைத்து, ஃபில்டர் போட்டு, கோரஸ் சேர்த்து அந்த உலோக வாசனையை மறைக்கப் பார்ப்பார்கள். மறையாது. கோளாறு டிலே லைன்களின், அதாவது ஒலியைச் சற்றுத் தாமதித்து வெளிவிடும் தாங்கிகளின், நீளக் கணக்கிலும், வேலையைச் செய்த வரிசையிலும் இருக்கிறது.

சரியான வரிசை இது: முதலில் ஆற்றல் துளியும் இழக்காத ஒரு சுற்றைக் கட்ட வேண்டும். அதன் ஒலி காதுக்குச் சரியாக வந்த பிறகுதான் அதற்குள் தேய்வைப் போட வேண்டும். இதை 1991-இல் ஜான் மார்க் ஜோ முறையாக வகுத்தார். இங்கே கட்டப்போவது 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில் (ஒலி அளவீட்டில்) ஓடும், எட்டு டிலே லைன் கொண்ட ஃபீட்பேக் டிலே நெட்வொர்க், சுருக்கமாக எஃப்டிஎன். எண்கள் எல்லாம் அப்படியே எடுத்துப் போடத்தக்கவை. எந்த மொழியில் எழுதினாலும் பொருந்தும்.

## பழைய வடிவங்கள் எங்கே தடுமாறின

டிஜிட்டல் ரிவர்ப்பின் அடிப்படையை 1961, 62-இல் பெல் லேப்ஸில் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் போட்டார்: இணையாக நான்கு கோம்ப் ஃபில்டர் (டிலேயின் வெளியீட்டை அதற்கே திருப்பி ஊட்டுவது), தொடராக இரண்டு ஆல்பாஸ் (அதிர்வெண்களின் அளவை மாற்றாமல் ஒலியை நேரத்தில் மட்டும் சிதறடிப்பது). 1979-இல் ஜேம்ஸ் மூரர் கோம்ப்களின் ஃபீட்பேக்கில் லோபாஸ் ஃபில்டரைச் சேர்த்து, உயர் அதிர்வெண்கள் விரைவில் தேயும்படி செய்தார். இந்தப் பரம்பரையில் வந்ததுதான் எல்லோரும் ஒருமுறையாவது படித்திருக்கும் ஃப்ரீவெர்ப் என்ற இலவச ரிவர்ப் நிரல்: எட்டு கோம்ப், நான்கு ஆல்பாஸ்.

ஃப்ரீவெர்ப்பின் எண்களைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்பது நல்ல பாடம். அதன் கோம்ப் நீளங்கள் 44,100 ஹெர்ட்ஸில் 1116, 1188, 1277, 1356, 1422, 1491, 1557, 1617 சாம்பிள். எட்டுக்கும் ஒரே ஃபீட்பேக். அறை அளவு நடுவில் இருக்கும்போது அது 0.84. ஒரே கெயின் என்றால் நீளமான கோம்ப் மெதுவாகத் தேயும். 1116 சாம்பிள் கோம்ப் 1.0 நொடியில் 60 டெசிபல் இறங்குகிறது, 1617 சாம்பிள் கோம்ப்புக்கு 1.45 நொடி ஆகிறது. ஆக, முழக்கத்தின் கடைசிப் பகுதியில் நீளமான ஓரிரு கோம்ப்கள் மட்டும் தனித்து ஒலிக்கும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். முழக்கம் வழவழப்பாக இருக்க, சுற்றில் உள்ள எல்லா டிலேக்களின் மொத்த நீளம் குறைந்தபட்சம்

0.15 × முழக்க நேரம் × சாம்பிள் வீதம்

இருக்க வேண்டும். முழக்க நேரம் என்பது ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் நொடிகள். மொத்த நீளம் இதைவிடக் குறைந்தால் ஒத்ததிர்வுகள் ஒன்றுக்கொன்று விலகி, தனித்தனி மணியொலியாகக் கேட்கும். ஃப்ரீவெர்ப்பின் எட்டு கோம்ப்களின் கூட்டுத்தொகை 11,024. இது தாங்கும் முழக்க நேரம் ஏறக்குறைய 1.67 நொடிதான். அறை அளவை உச்சிக்குத் தள்ளினால் 8 நொடிக்கு மேல் ஓடும். அங்கே உலோக ஒலி வராமல் இருந்தால்தான் வியப்பு.

எஃப்டிஎன் வேறு பாதை. மைக்கேல் கெர்சன் 1970-களின் தொடக்கத்திலேயே எண்ணத்தை எழுதிவிட்டார். 1982-இல் ஸ்டாட்னரும் மில்லர் பக்கெட்டும் நான்கு லைனில் வடிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு லைனும் தன்னிடமே திரும்புவதற்குப் பதிலாக, எல்லா லைன்களும் ஓர் அணி வழியாக எல்லா லைன்களுக்கும் திரும்புகின்றன.

## படி 1: இலக்கை எண்ணாக எழுதுதல்

கீழ் அதிர்வெண்ணில் முழக்க நேரம் 2.0 நொடி, உச்ச அதிர்வெண்ணில் 0.6 நொடி. பெரிய கச்சேரி அரங்கின் அளவு இது. பாஸ்டன் சிம்பொனி ஹாலில் ஆட்கள் நிறைந்திருக்கும்போது நடு அதிர்வெண்களில் சுமார் 1.9 நொடி. உயர் அதிர்வெண்ணில் ஏன் குறைவு? காற்றும் துணியும் மனித உடல்களும் அவற்றை முதலில் உறிஞ்சிவிடுகின்றன. 2 நொடிக்கு வேண்டிய மொத்த டிலே: 0.15 × 2 × 48,000 = 14,400 சாம்பிள்.

## படி 2: நீளங்களைத் தேர்தல்

எட்டு லைன்களுக்கு இந்த நீளங்கள்: 1201, 1399, 1637, 1907, 2239, 2617, 3067, 3583. எல்லாம் பகா எண்கள். அடுத்தடுத்தவற்றின் விகிதம் ஏறக்குறைய 1.17. மொத்தம் 17,650 சாம்பிள். தேவைக்கு மேலேயே இருக்கிறது, 2.45 நொடி வரை தாங்கும்.

பகா எண் எதற்கு? 1200, 1400, 1600 என்று அழகான எண்களைப் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் 200 பொது வகுத்தி. எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் எதிரொலிகள் 200-இன் மடங்குகளில்தான் விழும். 48,000 ஐ 200 ஆல் வகுத்தால் 240. அதாவது தெளிவான 240 ஹெர்ட்ஸ் ரீங்காரம். பொது வகுத்தி இல்லாதபடி இருந்தாலே போதும், பகா எண் என்பது அதை உறுதிசெய்ய எளிய வழி. ஆனால் பகா எண் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 1201, 1213, 1217 எல்லாம் பகா எண்கள்தான். நெருக்கமாக இருப்பதால் அவற்றின் எதிரொலிகள் கும்பலாக வந்து, 25 மில்லிநொடிக்கு ஒருமுறை படபடக்கும்.

நீளத்தின் சராசரி அறையின் அளவையும் சொல்கிறது. ஒலி ஒரு சுவரிலிருந்து அடுத்த பரப்புக்குப் போகும் சராசரித் தூரம் = 4 × கன அளவு ÷ மொத்தப் பரப்பு. நம் சராசரி 2206 சாம்பிள், 46 மில்லிநொடி. ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்றால் 15.8 மீட்டர், நிஜமாகவே பெரிய கூடம். 12 × 18 × 6 மீட்டர் கூடத்துக்கு இதே கணக்கு 6.5 மீட்டர், 19 மில்லிநொடி தரும். அவ்வளவு சிறிய அறை வேண்டுமென்றால் என்ன செய்வது என்பது கடைசியில்.

நினைவகத்தில் ஒவ்வொரு லைனுக்கும் இரண்டின் அடுக்காக வட்டத் தாங்கி (பஃபர்) ஒதுக்குங்கள்: முதல் நான்குக்கு 2048, அடுத்த நான்குக்கு 4096. அப்போது சுட்டியைச் சுற்ற வகுத்தல் தேவையில்லை, பிட் முகமூடி போதும். 32 பிட் ஃப்ளோட்டில் மொத்தம் 96 கிலோபைட். டீன்சி 4.1 போன்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளில்கூடத் தாராளமாக அடங்கும்.

## படி 3: கலக்கும் அணி

எட்டு லைன்களின் வெளியீட்டை எட்டு உள்ளீடாகக் கலக்கும் 8 × 8 அணி ஆற்றலைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஹடமார்டு அணி இதற்கு ஏற்றது: எல்லா உறுப்புகளும் +1 அல்லது −1, மொத்தத்தையும் 8-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அதாவது 0.35355 ஆல் பெருக்க வேண்டும். 64 பெருக்கல் செய்ய வேண்டியதில்லை. மூன்று சுற்றுக் கூட்டல் கழித்தல் போதும்:

- முதல் சுற்று: 1-2, 3-4, 5-6, 7-8 ஜோடிகள்
- இரண்டாம் சுற்று: 1-3, 2-4, 5-7, 6-8
- மூன்றாம் சுற்று: 1-5, 2-6, 3-7, 4-8

ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவதன் இடத்தில் கூட்டுத்தொகை, இரண்டாவதன் இடத்தில் வித்தியாசம். 24 கூட்டல் கழித்தலில் முடிந்தது. இரண்டு மதிப்பையும் தற்காலிக மாறியில் எடுத்துவைத்த பிறகே எழுதுங்கள். கூட்டுத்தொகையை முதலில் எழுதிவிட்டு அதிலிருந்து கழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஹவுஸ்ஹோல்டர் அணியையும் பலர் சொல்வார்கள். நான்கு லைனுக்கு அது அருமை, எல்லா உறுப்புகளும் அளவில் 0.5. எட்டு லைனில் தன்னிடமே திரும்புவது 0.75, மற்றவற்றுக்குப் போவது வெறும் −0.25. கலப்பு மெதுவாகிறது. எட்டுக்கு ஹடமார்டே மேல்.

## படி 4: இழப்பில்லாச் சோதனை

இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தேய்வு, ஃபில்டர், மாடுலேஷன் (டிலே நீளத்தை மெல்ல ஆட்டுவது) எதுவும் இல்லாமல், எல்லா கெயினும் 1 ஆக வைத்து, ஒரே ஒரு சாம்பிள் துடிப்பைக் கொடுங்கள். எட்டு உள்ளீட்டுக் கெயின்களும் ±0.35355 என்றால் உள்ளே போகும் ஆற்றல் சரியாக 1. பிறகு எப்போது பார்த்தாலும், எட்டு லைன்களிலும் உயிரோடு இருக்கும் சாம்பிள்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1 ஆகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு லைனிலும் அதன் நீளமளவு மட்டும் கூட்டுங்கள்: முதல் லைனின் தாங்கி 2048 என்றாலும் கடைசி 1201 சாம்பிள் மட்டும், பழைய எச்சங்களைச் சேர்க்க வேண்டாம். நீண்ட நேரம் ஓடினால் ஃப்ளோட் பிழையால் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் நகரும். அது பரவாயில்லை.

எண் வேகமாக வெடித்தால் 0.35355 விட்டுப்போயிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் 9 டெசிபல் ஏறும். சீராகக் குறைந்தால் அணியில் குறியோ ஜோடியோ தவறு.

பிறகு காதால் கேளுங்கள். இரண்டு மூன்று நொடி கழித்து அந்த முடியாத ஒலி வெள்ளை இரைச்சல் போல, சுருதி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அதில் ஏதாவது ஸ்வரம் கேட்டால் நீளங்களை மாற்றுங்கள். இந்தக் கட்டத்தில் கேட்கும் குறையை எந்த ஃபில்டரும் பின்னால் சரிசெய்யாது.

## படி 5: தேய்வைப் போடுதல்

ஒவ்வொரு லைனுக்கும் அதன் நீளத்துக்கு ஏற்ற தனிக் கெயின்:

கெயின் = 10 ^ (−3 × நீளம் ÷ (சாம்பிள் வீதம் × முழக்க நேரம்))

இதனால் நீளமான லைன் ஒரு சுற்றில் அதிகமாகவும் குட்டையானது குறைவாகவும் இழக்கும். நொடிக்கு எத்தனை டெசிபல் என்று பார்த்தால் எல்லாம் ஒன்றாக இறங்கும். மேலே ஃப்ரீவெர்ப்பில் பார்த்த சிக்கல் இங்கே எழாது.

உயர் அதிர்வெண் தேய்வுக்கு ஒவ்வொரு லைனிலும் ஒரு முதல்படி லோபாஸ்:

வெளியீடு = கெயின் × (1 − ப) × உள்ளீடு + ப × முந்தைய வெளியீடு

'ப' கண்டுபிடிக்க: அதே சூத்திரத்தில் 0.6 நொடி போட்டு உச்ச அதிர்வெண் கெயினைக் கணக்கிடுங்கள். அதை 2.0 நொடிக் கெயினால் வகுத்தால் வருவது விகிதம். ப = (1 − விகிதம்) ÷ (1 + விகிதம்).

| நீளம் | மில்லிநொடி | கெயின் | ப |
|---|---|---|---|
| 1201 | 25.0 | 0.9172 | 0.1005 |
| 1399 | 29.1 | 0.9042 | 0.1169 |
| 1637 | 34.1 | 0.8889 | 0.1366 |
| 1907 | 39.7 | 0.8718 | 0.1587 |
| 2239 | 46.6 | 0.8512 | 0.1858 |
| 2617 | 54.5 | 0.8284 | 0.2162 |
| 3067 | 63.9 | 0.8020 | 0.2519 |
| 3583 | 74.6 | 0.7727 | 0.2920 |

ஒன்றைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்: இந்த ஃபில்டர் இரு முனைகளில் மட்டுமே துல்லியம். நடுவில் லைன்கள் கொஞ்சம் முரண்படும். 5 கிலோஹெர்ட்ஸில் 1201 லைன் 1.55 நொடியைக் கேட்கிறது, 3583 லைன் 1.41 நொடியை. அணி எல்லாவற்றையும் கலப்பதால் இரண்டுக்கும் நடுவே ஒரு மதிப்பு வரும், காதுக்குத் தெரியாது. 0.6 என்ற எண் 24 கிலோஹெர்ட்ஸுக்கானது என்பதுதான் பலரைக் குழப்பும். 10 கிலோஹெர்ட்ஸில் நீளமான லைன்களுக்கு ஏறக்குறைய 0.9 நொடி வருகிறது. இருண்ட ஒலி வேண்டுமானால் 0.6 ஐ 0.3 ஆக்கத் தயங்காதீர்கள்.

லோபாஸ் சேர்த்ததும் ரிவர்ப் மொத்தமாகவே மந்தமாகும், ஏனெனில் விரைவில் தேயும் அதிர்வெண்ணின் மொத்த ஆற்றலும் குறைவு. ஆற்றல் முழக்க நேரத்துக்கு நேர்விகிதம் என்பதால் இழப்பு 2.0 ÷ 0.6, அதாவது 5.2 டெசிபல். இதை வெளியீட்டில் ஒரே ஒரு ஃபில்டரால் ஈடுகட்டலாம்:

வெளியீடு = (உள்ளீடு − 0.292 × முந்தைய உள்ளீடு) ÷ 0.708

இது சுற்றுக்கு வெளியே இருப்பதால் தேய்வைத் தொடாது. நிறத்தை மட்டும் திருத்தும்.

## படி 6: அடர்த்தி, அதாவது முதல் 200 மில்லிநொடி

எட்டு லைன், இரண்டு சுற்று என்றால் 64 பாதைகள், மூன்று சுற்றில் 512, நான்கில் 4096 என்று கணக்குப் போட்டு மகிழ்வது எளிது. ஆனால் லைன் 1 வழியாகப் போய் லைன் 2 வழியாக வருவதும், 2 வழியாகப் போய் 1 வழியாக வருவதும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். வெவ்வேறு நேரங்களை மட்டும் எண்ணினால் இரண்டு சுற்றில் 36, மூன்றில் 120, நான்கில் 330. நான்காம் சுற்றின் எதிரொலிகள் 100 முதல் 300 மில்லிநொடி வரை பரவியிருக்கும், நொடிக்கு ஏறக்குறைய 1650. நொடிக்கு 1000 போதும் என்று ஷ்ரோடர் நினைத்தார். மிருதங்கத்தின் ஒரு சாப்பைக் கொடுத்துப் பார்த்தால் போதாது என்று உடனே தெரியும், தொடக்கம் மணல் கொட்டுவதாகக் கேட்கும். தாள ஒலிகளுக்கு நொடிக்கு 10,000 அளவுக்குப் போக வேண்டும்.

தீர்வு: எஃப்டிஎன்னுக்கு முன்னால் தொடராக நான்கு ஆல்பாஸ். ஜான் டட்டோரோ 1997-இல் வெளியிட்ட ப்ளேட் ரிவர்ப்பின் விகிதங்களை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால்:

- 229 சாம்பிள், கெயின் 0.75
- 173 சாம்பிள், கெயின் 0.75
- 613 சாம்பிள், கெயின் 0.625
- 449 சாம்பிள், கெயின் 0.625

ஒவ்வொன்றும் செய்வது இதுதான். தாங்கியிலிருந்து பழைய மதிப்பை எடு. புதியது = உள்ளீடு − கெயின் × பழையது. வெளியீடு = கெயின் × புதியது + பழையது. புதியதைத் தாங்கியில் எழுது. இரண்டு இடத்திலும் கெயின் ஒன்றாகவும், குறிகள் எதிராகவும் இருந்தால்தான் அது ஆல்பாஸ். ஃப்ரீவெர்ப்பில் ஆல்பாஸ் என்று பெயரிட்டிருப்பது கண்டிப்பான பொருளில் ஆல்பாஸே அல்ல. அங்குள்ள 0.5 கெயினில் அது ஒலிக்கு நிறம் ஏற்றும்.

கெயினை 0.75-க்கு மேல் தள்ளாதீர்கள். அடர்த்தி கூடுவதற்குப் பதிலாக ஆல்பாஸே தன் நீளத்தில் மணியடிக்கத் தொடங்கும். ஸ்டீரியோ உள்ளீட்டுக்கு இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனி ஆல்பாஸ் வரிசை வேண்டும்.

ஆல்பாஸைச் சுற்றுக்குள்ளேயே வைப்பவர்களும் உண்டு. ஸீட்டா ரெவ்1 என்ற ரிவர்ப் நிரல் அப்படித்தான் கட்டப்பட்டது. அடர்த்தி மிக வேகமாக ஏறும். அப்போது படி 5-இன் கெயின் சூத்திரத்தில் லைன் நீளத்தோடு ஆல்பாஸ் நீளத்தையும் கூட்டிப் போடுங்கள். விட்டுவிட்டால் முழக்கம் கேட்டதைவிட நீளும்.

## படி 7: முதல் எதிரொலிகள்

எஃப்டிஎன் தருவது பின்முழக்கம். அறையின் வடிவத்தைக் காதுக்குச் சொல்வது அதற்கு முன் வரும் ஐந்தாறு தனி எதிரொலிகள். இதற்குத் தனி டிலே லைன் ஒன்று, அதில் ஐந்தாறு இடங்களில் எடுப்பு.

இடங்களை ஊகிக்க வேண்டாம். 20 மீட்டர் அகலக் கூடம், கேட்பவர் நடுவில், பாடுபவர் 12 மீட்டர் முன்னால், நடுவிலிருந்து 1.5 மீட்டர் இடப்பக்கம். நேர்ப்பாதை 12.09 மீட்டர். சுவரைக் கண்ணாடியாக நினைத்துப் பிம்பத்திலிருந்து அளந்தால் இடச்சுவர் வழி 22.05 மீட்டர், வலச்சுவர் வழி 24.62. நேர்ப்பாதையைக் கழித்து 343 ஆல் வகுத்தால் 29.0, 36.5 மில்லிநொடி. சாம்பிளில் 1394, 1753. அளவு: தூர விகிதம் × சுவரின் பிரதிபலிப்பு. 0.8 என்று வைத்தால் 0.44, 0.39. முதலாவது இடச் சேனலில் அதிகம், இரண்டாவது வலச் சேனலில் அதிகம். கூரை 14 மீட்டர் உயரம், வாயும் காதும் 1.5 மீட்டரில் என்றால் கூரை வழி ஏறக்குறைய 46 மில்லிநொடி. பின்சுவரையும் இதேபோல் சேருங்கள்.

பின்முழக்கம் இவற்றில் முதலாவதை முந்திக்கொள்ளக் கூடாது. முதல் லைன் 25 மில்லிநொடி, எஃப்டிஎன்னுக்கு முன் 10 மில்லிநொடி டிலே என்றால் 35-இல் தொடங்கும். சரியான இடம்.

## படி 8: மாடுலேஷன், கொஞ்சமாக

எட்டில் நான்கு லைன்களின் படிப்பிடத்தை (தாங்கியிலிருந்து மதிப்பை எடுக்கும் இடத்தை) மெதுவாக ஆட்டினால் மிச்சமிருக்கும் ஒத்ததிர்வுகள் ஓரிடத்தில் நிற்காது. வேகம் 0.31, 0.43, 0.57, 0.71 ஹெர்ட்ஸ், வீச்சு ±8 சாம்பிள். சுருதி விலகல் = வீச்சு × 6.2832 × வேகம் ÷ சாம்பிள் வீதம். 0.71 ஹெர்ட்ஸுக்கு இது ஒரு சுற்றில் 1.3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வர இடைவெளியின் நூறில் ஒன்று). 40 சாம்பிள், 2 ஹெர்ட்ஸ் என்று போட்டால் 18 சென்ட், அதுவும் சுற்றுக்குச் சுற்று சேரும். இதைச் சோதிக்கத் தாளவாத்தியம் உதவாது. தம்புரா அல்லது சுருதிப்பெட்டியின் நீண்ட ஒலியைக் கொடுங்கள், அளவு மீறியிருந்தால் வால் பகுதி சுருதி விலகி அலைவது அப்பட்டமாகத் தெரியும்.

படிப்பிடம் இரண்டு சாம்பிளுக்கு நடுவில் விழும்போது இடைமதிப்புக் காண நேர்கோட்டு முறை வேண்டாம். சரிபாதியில் விழுந்தால் 10 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் போய்விடும். 1201 லைன் கீழ் அதிர்வெண்ணில் ஒரு சுற்றுக்கு இழப்பதே 0.75 டெசிபல்தான் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிது என்று புரியும். நான்கு சாம்பிள் ஹெர்மைட் முறையில் அதே இடத்தில் இழப்பு 0.53 டெசிபல். மாடுலேஷனை நீளமான நான்கு லைன்களுக்குக் கொடுத்தால் இந்த இழப்பு இன்னும் குறைவாகவே சேரும்.

## படி 9: உள்ளே, வெளியே

இட உள்ளீடு 1, 3, 5, 7 லைன்களுக்கு, வல உள்ளீடு 2, 4, 6, 8-க்கு. வெளியீடும் அப்படியே, ஒவ்வொரு பக்கத்திலும் குறிகள் + + − −. எட்டையும் வெறுமனே கூட்டி ஒரு சேனலாக எடுக்காதீர்கள். ஹடமார்டின் முதல் வரிசையும் அதே கூட்டுத்தொகைதான், அது லைன் 1-க்குள் போய் 25 மில்லிநொடியில் அச்சு அசலாகத் திரும்பி வரும். உள்ளே நுழையும் முன் 80 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் ஒரு ஹைபாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள். மிருதங்கத் தொப்பியின் கும்கியும் மைக்கின் டிசியும் (மாறாத மின்னழுத்தமும்) சுற்றில் தேங்காமல் இருக்கும்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் வேலை வரிசை:

1. ஹைபாஸ், முன் டிலே, நான்கு ஆல்பாஸ்.
2. எட்டு லைன்களிலிருந்தும் படி (மாடுலேஷன் உள்ளவற்றில் இடைமதிப்போடு).
3. ஒவ்வொன்றையும் அதன் லோபாஸ், கெயின் வழியே அனுப்பு.
4. இந்த எட்டு மதிப்புகளிலிருந்து இட, வல வெளியீட்டை எடு, நிறத் திருத்த ஃபில்டர் போடு.
5. ஹடமார்டு கலப்பு, 0.35355 பெருக்கல்.
6. புதிய உள்ளீட்டைக் கூட்டி எட்டு லைன்களிலும் எழுது.
7. முதல் எதிரொலிகளைச் சேர்த்து வெளியே அனுப்பு.

மிகக் குட்டையான லைனே 1201 சாம்பிள் என்பதால், 64 சாம்பிள் தொகுதியாக எடுத்து ஒவ்வொரு படியையும் தொகுதி முழுவதற்கும் ஒரேயடியாகச் செய்யலாம். எஃப்டிஎன்னில் நேரம் போவது கூட்டல் பெருக்கலில் அல்ல, நினைவகத்தில் அங்குமிங்கும் தாவுவதில்தான்.

## கோளாறுகள், காரணங்கள்

ஒலி நின்று 25 நொடி கழித்து சிபியு திடீரென ஏறுகிறது. வால் 32 பிட் ஃப்ளோட்டின் இயல்பு எல்லைக்குக் கீழே, −758 டெசிபலுக்கு இறங்கிவிட்டது. நொடிக்கு 30 டெசிபல் வீதம் 25 நொடி. இன்டெல் வகைச் செயலிகளில் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் பதிவகத்தின் 15, 6 ஆம் பிட்களையும், கார்டெக்ஸ் எம்7-இல் எஃப்பிஎஸ்சிஆரின் 24 ஆம் பிட்டையும் ஏற்றி, அந்த நுண் எண்களைச் சுழியாக்குங்கள். ஆடியோ நூலுக்குள்ளேயே (த்ரெட்) ஏற்ற வேண்டும். முதன்மை நூலில் ஏற்றினால் பயனில்லை.

வால் ஒருபோதும் முழுதாக அடங்காமல் மெல்லிய ஒலி நிற்கிறது. முழு எண் கணக்கில், முக்கியமாக 16 பிட்டில், முழுமையாக்கும்போது வரும் வினை. மதிப்பைச் சுழியை நோக்கி வெட்டுங்கள், அல்லது 32 பிட்டுக்குப் போங்கள்.

முழக்க நேரத்தைத் திருப்பும்போது சடசடப்பு. கெயினும் 'ப'வும் குதிக்கின்றன. 20 முதல் 50 மில்லிநொடியில் சீராக நகர்த்துங்கள். நீளத்தை ஓடும்போது மாற்றினால் சுருதி வழுக்கும். இரண்டு படிப்பிடம் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மங்கலாக மாற்றுவதே வழி.

இறுக்கிப் பிடித்த முடிவிலா முழக்கம் மெல்ல மங்குகிறது. கெயின் 1, ப 0 போட்டும் மங்கினால் மாடுலேஷனின் இடைமதிப்பு இழப்புதான் காரணம். அந்த நிலையில் படிப்பிடத்தை முழு எண்ணில் நிறுத்துங்கள்.

அளந்தால் 2 நொடி வரவில்லை. துடிப்புக்கு வரும் வெளியீட்டைப் பதிந்து, வர்க்கமாக்கி, கடைசியிலிருந்து முன்னோக்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இது ஷ்ரோடர் 1965-இல் தந்த முறை. டெசிபலில் வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வர வேண்டும். −5 முதல் −35 வரை சரிய ஆகும் நேரத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அளப்பதற்கு முன் 500 ஹெர்ட்ஸ் பட்டையை மட்டும் வடித்தெடுங்கள், முழு அகலத்தில் அளந்தால் உயர் அதிர்வெண் தேய்வும் கலந்து கோடு வளையும்.

## சிறிய அறை வேண்டுமென்றால்

எல்லா நீளங்களையும் பாதியாக்கினால் மொத்தம் 8,800 அளவுக்கு வந்து, தாங்கும் முழக்க நேரம் 1.2 நொடியாகிவிடும். சிறிய அறைக்கு 0.4 முதல் 0.8 நொடி போதும் என்பதால் பெரும்பாலும் இதுவே சரி. மேலே கண்ட 19 மில்லிநொடிக் கூடத்துக்கு நீளங்களை 0.41 ஆல் பெருக்கி, ஒவ்வொன்றையும் பக்கத்துப் பகா எண்ணுக்கு நகர்த்தி, கெயின் அட்டவணையைப் புதிதாகக் கணக்கிடுங்கள். முன் டிலேயையும் ஆல்பாஸ் நீளங்களையும் அதே விகிதத்தில் குறையுங்கள்.

சிறிய கூடத்தில் நீண்ட முழக்கம், உதாரணமாகக் கல் மண்டபத்தில் 2.5 நொடி, வேண்டுமென்றால் எட்டு லைன் போதாது. 19 மில்லிநொடி சராசரியில் தேவையான 18,000 சாம்பிளை எட்ட ஏறக்குறைய 20 லைன் வேண்டியிருக்கும். 16 லைனில் ஹடமார்டு நான்கு சுற்று, 64 கூட்டல் கழித்தல், பெருக்கெண் 0.25. சராசரியை 24 மில்லிநொடிக்குக் கொஞ்சம் நீட்டினால் 16-இலேயே கணக்கு நிறைவேறும்.